டிசம்பர் பக்கத்துச் சதுக்கம்

காலண்டரின் மார்ச் மாதப் பக்கத்தில் ஒரு ஆள் கூடுதலாக நின்றது.

காளீஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கம்ப்யூட்டர் திரையில் வெனிஸ் கால்வாய். முன்னால், சிவப்பு கவுனில் அவருடைய ஏழு வயது மகள் இசைவாணி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னால், தூரத்துக் கல்பாலத்தின் நடுவில் ஒரு பெண். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். வெள்ளைக்காரன் ஊரில், நம்மூர்ப் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற கோலம்.

"உங்க டூர் குரூப்புல வந்தவுகளா அண்ணாச்சி?" என்றாள் ஜெஸ்லின். அவருடைய பிரஸ்ஸில் டிசைன் வேலை அவளுடையது.

"எவளோ குஜராத்திக்காரியா இருக்கும்."

"குஜராத்திக்காரி சட்டை போட்டுக்கிட்டா வெனிசுக்கு வருவா?"

"நீ என்ன, பாஸ்போர்ட் ஆபீசரா? அழிச்சிரும்மா."

சிவகாசியில் எல்லோரும் வெளிநாட்டுப் படங்களை வாங்கித்தான் காலண்டர் போடுவார்கள். ஒரே சுவிஸ் மலைப் படம் ஆறு கம்பெனிகளின் மாதிரி ஆல்பத்தில் பல்லைக் காட்டும். காளீஸ்வரனுக்கு அது கேவலமாகப்பட்டது. 2007 மே மாதம் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். பன்னிரண்டு ஊர், பன்னிரண்டு மாதம், ஒவ்வொன்றிலும் மகள். ஊரும் பார்த்தாயிற்று, காலண்டரும் ஆயிற்று. ஆடிப்பெருக்கன்று புது வருஷக் காலண்டரின் மாதிரி ஆல்பம் ஆர்டர் பிடிக்கும் ஏஜெண்டுகள் கைக்குப் போக வேண்டும். இன்னும் நாலு நாள்தான்.

அவசரமாகக் கிளம்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை அவர் சூட்கேஸில்கூட வைத்துக்கொள்ளவில்லை.

ஏப்ரலில் நாரணாபுரத்தில் அவருடைய பட்டாசுக் கம்பெனிக்குப் பின்னால், லைசென்ஸ் இல்லாத தகரக் கொட்டகை வெடித்தது. போர்மேன் பெத்தணன் ஓடிவந்து, "உள்ள இருளம்மா கெடக்கா மொதலாளி, முனங்குதா" என்றான். தீயணைப்பு வண்டி வரக் கால் மணி நேரம் ஆகும். லைசென்ஸ் இல்லாத கொட்டகையில் ஆள் கிடந்தால் கம்பெனி போகும், ஜெயில் வரும். காளீஸ்வரன் அதற்குள் ஜேசிபியை விட்டுக் கொட்டகையின் மேல் மண்ணை நிரவச் சொன்னார். பிறகு வந்த அதிகாரிகள் காலிக் கொட்டகை என்று எழுதிக்கொண்டு போனார்கள். அவள் புருஷன் சங்கிலிமுத்து வந்து நின்றபோது, "எவன்கூடப் போனாளோ, என்கிட்ட வந்து கேக்குற" என்று சொல்லி அனுப்பினார். அவன் இன்னும் பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டாக அவள் படம் போட்ட நோட்டீசை ஒட்டிக்கொண்டு திரிகிறான்.

ஜெஸ்லின் பாலத்திலிருந்தே கல்லை எடுத்து அந்தப் பெண்ணின் மேல் ஒட்டினாள். முதலில் கால். பிறகு இடுப்பு. தலை. பாலம் மூடிக்கொண்டது.

உச்சி வெயில். கீழே இரண்டு கலர் அச்சு மிஷின் தடதடவென்று ஓட, மாடிக் கண்ணாடிகள் லேசாக நடுங்கின. ஏசி அறையில் எப்போதும் இருக்கும் மை வாசனைக்கும் மண்ணெண்ணெய் வாசனைக்கும் அடியிலிருந்து, கருகிய கந்தக நெடி ஒன்று மெதுவாகக் கிளம்பி வந்தது.

"அண்ணாச்சி, ஜூன்லயும் நிக்கிறாங்க."

லூசர்ன் மரப்பாலம். இப்போது பக்கவாட்டில் நின்றாள். முன்னைவிடக் கிட்டத்தில்.

"காலையில பாத்தேனே, இதுல யாருமே இல்ல."

"அழி."

அழித்தாள். செப்டம்பரில், ரோமாபுரியின் இடிந்த வட்ட அரங்கத்தின் முன், இசைவாணிக்குப் பத்தடி பின்னால், இந்தப் பக்கமாகத் திரும்பி நின்றாள். முகத்தில் பாதிதான் முகமாக இருந்தது.

வியாபாரிக்குக் கணக்குச் சட்டென்று பிடிபட்டது. ஒரு படத்தில் அழித்தால், அடுத்த படத்தில் நெருங்குகிறாள்.

"ஏசப்பா," என்றாள் ஜெஸ்லின். "இது நோட்டீசுல இருக்கிற அக்கால்லா? விஸ்வநத்தத்து இருளம்மாக்கா."

"வாயை மூடு. டிசம்பரை எடு."

பிராக் நகரத்துச் சதுக்கம். பழைய கடிகாரக் கோபுரம், கல் பாவிய தரை. இசைவாணி சிரிக்கவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்றவளின் கை, குழந்தையின் மணிக்கட்டைப் பற்றியிருந்தது. விரல்கள் சதைக்குள் புதைந்திருந்தன.

"வேற படம் போடு."

வேறு படத்தைத் திறந்தாள். அதிலும் அதே கை. இன்னொன்று. அதிலும்.

"என்ன நடந்துச்சோ, பேசாம உண்மையச் சொல்லிருங்க அண்ணாச்சி. அவுகளை அப்படியே விட்டுருங்க."

"லட்சம் வீட்டுச் சுவர்ல இவளைத் தொங்கவிடச் சொல்றியா?"

"கையைத் தனியாப் பிரிக்க முடியல. அழிச்சா ரெண்டு பேரும்தான் போவாங்க."

"ரெண்டு பேரையும் அழி."

ஜெஸ்லின் எழுந்து, செருப்பைக்கூடப் போடாமல் படியிறங்கிப் போனாள்.

காளீஸ்வரன் வீட்டுக்குப் போன் போட்டார். மனைவி சொர்ணலட்சுமி எடுத்தாள். "புள்ளையா? இந்தா என் முன்னாலதான் உக்காந்து தயிர்சோறு திங்கா. நீங்க எப்ப சாப்பிட வாரீக?"

மகள் பின்னணியில் ஏதோ பாடிக்கொண்டிருந்தது கேட்டது. நெஞ்சு லேசானது. படம் வேறு, பிள்ளை வேறு. போனை மேஜைமேல் வைத்துவிட்டு மவுசை எடுத்தார்.

கல்லை எடுத்து ஒட்டினார். சேலைக்கரை போயிற்று. சட்டை. பாதி முகம். ஒற்றைக் கண் அவரையே பார்த்தது. அதன் மேலும் ஒரு கல்.

பிறகு சின்ன ஷூ. சிவப்பு கவுன். கழுத்து.

தயங்கினார்.

ஒட்டினார்.

சதுக்கம் சுத்தமாக இருந்தது. சேமித்தார்.

கீழே மிஷின் நின்றுவிட்டது. கந்தக நெடியும் இல்லை. போன் அடித்தது.

"ஏங்க..." சொர்ணலட்சுமிக்கு மூச்சு வாங்கியது. "தட்டு இருக்கு. சோறு இருக்கு. புள்ளையக் காணோம்ங்க. கதவு பூட்டித்தான் கெடக்கு. இங்கனதான... என் கையில இருந்து ஒரு வாய் வாங்குனா..."

அவர் திரையைப் பார்த்தார்.

கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில், மண் உதிர்ந்துகொண்டிருந்தது.

செய்ததைத் திருப்பும் பொத்தானை அமுக்கினார். சதுக்கத்தில் ஒரு கல் கூடியது. இன்னொரு முறை. இன்னொரு கல். அமுக்க அமுக்க, கல்லின் மேல் கல்.

அடியிலிருந்து, இடுக்கு வழியாக, மருதாணி வைத்த நாலு சின்ன விரல்கள் வெளியே வந்து, ஒரு கல்லின் விளிம்பைப் பற்றி, தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தன.