கொடுத்தவரிடம் தங்காது

நினைவேற்றிக் கவசத்தைத் தலையில் மாட்டியதும் நறுமுகைக்கு எப்போதும் மூக்கில்தான் முதலில் தெரியும். இன்று ஈரப்பாசி வாடை வந்தது. மழை ஓய்ந்த மலைப்பள்ளம் என்று கண்ணில் எதுவும் விரிவதற்கு முன்பே புரிந்துவிட்டது.

"இன்னைக்குப் பாடம், இருவரில் ஒருவர்," என்றார் பயிற்சியாளர் ஸ்டெல்லா. "முடிஞ்சதும் வழக்கம்போல எழுந்து சொல்லணும். அந்த டாக்டர் அப்படிச் செஞ்சார்னு யாரும் ஆரம்பிக்கக் கூடாது. நான் செஞ்சேன், அவ்வளவுதான்."

"உருப்படியா இருந்தா நான் செஞ்சேன்னு சொல்றேன் மேடம்," என்றான் பக்கத்து இருக்கை ரியாஸ். "சொதப்பலா இருந்தா நறுமுகை செஞ்சாங்கன்னு வெச்சுக்கலாம்."

காட்டிலும் மலையிலும் அடிபட்டுக் கிடப்பவர்களைத் தேடிப் போகும் மருத்துவர்கள் இப்போது இப்படித்தான் உருவாகிறார்கள். மூத்தவர்கள் தங்கள் அனுபவத்தில் ஒரு துண்டை உருவிக் கொடுக்கிறார்கள். அதற்குக் கொடைநினைவு என்று பெயர். அதை ஏற்றிக்கொண்டவரின் கை, ஒருநாளும் செய்யாத வேலையைப் பலமுறை செய்த கைபோலப் பழகிவிடும். கொடுத்தவர் பெயரை மறைத்துவிடுவார்கள். நோயாளியின் முகத்தை மங்கலாக்கி, குரலை மாற்றிவிடுவார்கள். உருவிய நினைவு கொடுத்தவரிடம் தங்காது. அந்த வெற்றிடத்தை, அவர் ஊராரிடம் என்ன சொல்லி வந்தாரோ அதைக் கொண்டே மூளை மூடிக்கொள்ளும். தூக்கம் வராத மருத்துவர்கள்தான் தாராளமாகக் கொடுக்கிறார்கள் என்று பயிற்சி மையத்தில் ஒரு கேலி உண்டு.

நறுமுகை இங்கே சேர்ந்ததற்குக் காரணம் அவள் தம்பி சேந்தன். மூன்று வருடங்களுக்கு முன் ஊசிப்பாறைப் பள்ளத்தில் விழுந்து இறந்தான். மீட்கப் போனவன் பொழிலன், அவளுக்கு நிச்சயமாகியிருந்த மருத்துவன். "நான் போறதுக்குள்ள மூச்சு நின்னுடுச்சு முகை," என்று அவள் மடியில் முகம் புதைத்து அழுதான். அந்த அழுகைதான் அவளைத் தாங்கியது. அதை நம்பித்தான் அவனைக் கட்டிக்கொண்டாள். நேரத்துக்குப் போய்ச் சேரும் ஒரு மருத்துவராக வேண்டும் என்று அவள் சொன்னபோது, இந்த மையத்தில் சேரச் சொன்னவனும் அவன்தான்.

பள்ளம் விரிந்தது. அவள் கைகள் அகன்று, தடித்து, ஆணின் கைகளாயின.

பாறையடியில் ஒரு பெண். இடது மார்பு எழவில்லை, உதடு நீலம் பாரித்திருந்தது. விலா எலும்புகளுக்கிடையே ஊசியை இறக்கியதும் அடைபட்டிருந்த காற்று சீறி வெளியேறியது. நான்கடி தள்ளி ஒரு இளைஞன். இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது. துணிப்பட்டையை இறுக்கிக் கட்டினாள். நாடி ஓடியது, ஆனால் வயிறு மெல்லக் கெட்டிப்பட்டுக்கொண்டிருந்தது. மேலே ஏறினால் இருவருமே பிழைக்கலாம்.

ஆளைத் தூக்கிச் செல்லும் பறக்கும் தொட்டில் ஒன்றுதான் இறங்கியது. அதில் ஒரு நோயாளி படுக்கலாம். விரும்பினால் மருத்துவர் பக்கவாட்டுக் கொக்கியில் தொற்றிக்கொள்ளலாம். மூடுபனி கவிந்துகொண்டிருந்தது. பனி விலகாமல் தொட்டில் மறுபடி இறங்காது.

"அந்த அக்காவை அனுப்புங்க மாமா, பரவாயில்ல," என்றது இளைஞனின் மாற்றப்பட்ட குரல். "நீங்க மட்டும் கூட இருங்க. பயமா இருக்கு."

இருந்திருக்கலாம். இருக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. ஆனால் மேலேயிருந்து கற்கள் உருண்டபடி இருந்தன. ஒன்று தோளை உரசிக்கொண்டு போனது. இங்கேயே செத்துவிடுவோம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்தப் பயத்தின் நடுவே ஒரு பெண்ணின் முகம் வந்தது. நிச்சயதார்த்தப் பட்டில், சரிந்த பூவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் முகம்.

நறுமுகையின் முகம்.

நோயாளிகளின் முகத்தைத்தான் மங்கலாக்குகிறார்கள். கொடுத்தவர் மனதுக்குள் பார்த்த முகத்தை யாரும் தொடுவதில்லை.

இளைஞனின் பிடியிலிருந்து கை உருவிக்கொண்டது. கொக்கி மாட்டியது. தொட்டில் எழும்பியது. கீழிருந்து "மாமா, மாமா" என்ற குரல் பனிக்குள் தேய்ந்தது. அப்போது மார்புக்குள் வெதுவெதுப்பாக ஒன்று பரவியது. தப்பித்துவிட்ட நிம்மதி.

கவசத்தைக் கழற்றியபோது எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அந்த முகத்தைப் பார்த்திருந்தார்கள். ரியாஸ் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நறுமுகை, நீங்க இன்னைக்குச் சொல்ல வேண்டாம்," என்றார் ஸ்டெல்லா.

அவள் எழுந்து நின்றாள். "நான் அவனை விட்டுட்டு வந்தேன்," என்றாள். அந்தச் சொற்கள் அத்தனை சுலபமாக வந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது.

வீட்டில் பொழிலன் பூண்டு உரித்துக்கொண்டிருந்தான். அவள் பையைக்கூடக் கழற்றவில்லை.

"நீ போனப்போ சேந்தன் உயிரோட இருந்தானா?"

அவன் கை நின்றது. "எத்தனை தடவைதான் கேப்ப முகை? மூச்சு இல்லை." அவன் கண்கள் கலங்கின, அன்று போலவே.

வழியெல்லாம் அவள் ஒரு பொய்யைப் பிடிக்கத் தயாராகி வந்திருந்தாள். அந்தக் கண்களில் பொய் இல்லை. அவனைப் பொறுத்தவரை அதுதான் நடந்தது. பொய் சொன்னவனை வீடு முழுக்கத் தேடினாலும் இனி கிடைக்க மாட்டான்.

"மையத்துக்கு நீ ஏதாவது கொடுத்தியா?"

"ஒண்ணு கொடுத்தேன். எதுன்னு தெரியாது. தெரிஞ்சா அது கொடுத்ததா ஆகுமா? ஏன், என்ன ஆச்சு?"

சொன்னாள். ஊசி இறக்கியதிலிருந்து கொக்கி மாட்டியது வரை. 'நீ உருவிக்கிட்ட, நீ ஏறிட்ட' என்று அவன்மேல் எறியத்தான் நினைத்தாள். சொல்லச் சொல்ல நாக்கு 'நான்' என்றே புரண்டது. உருவிக்கொண்ட கையின் சூடு அவள் கையில்தான் இருந்தது.

பொழிலன் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தான்.

"மாமான்னு கூப்பிட்டானா?"

"ம்."

"கூட இருக்கச் சொன்னானா?"

"ம்."

கண்களை மூடிக்கொண்டான். தொலைந்த சாவிக்காகப் பையைத் துழாவுகிறவன்போல உள்ளுக்குள் எதையோ தேடினான். மேசைமேல் பூண்டுத் தோல் காற்றில் அசைந்தது.

"எனக்கு எதுவுமே வரல," என்றான். பிறகு மெதுவாகக் கேட்டான். "மேல ஏறினப்போ... எப்படி இருந்துச்சு?"

அவள் அவனிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

"நிம்மதியா இருந்துச்சு."

அவன் நிமிர்ந்தான். அந்த முகத்தில் வெட்கம் வரும், இப்போதாவது உடைந்து விழுவான் என்று அவள் காத்திருந்தாள். வந்தது அருவருப்பு. சேந்தனை அவனும் தம்பியாகத்தான் பார்த்தான். இறந்துபோன தம்பிக்காக மூன்று வருடம் கள்ளமில்லாமல் அழுதவன், அந்தச் சாவு நடந்த விதத்தை முதல்முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் நாற்காலி சற்றே பின்னால் நகர்ந்தது.

"அவன் கீழேயிருந்து கூப்பிட்டுக்கிட்டு இருக்கான். உனக்கு நிம்மதியா இருந்துச்சா?" என்றான். "உன் கூடப் பிறந்தவன்டி. எப்படி மனசு வந்துச்சு உனக்கு?"

அது உன் மனசு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஆள் அந்த அறையில் அவள் ஒருத்திதான்.

நறுமுகை தலையைக் குனிந்துகொண்டாள்.

"மேலேயிருந்து கல்லு விழுந்துக்கிட்டே இருந்துச்சு," என்றாள். "பயந்துட்டேன்."