சிவப்பு ரிப்பன் கட்டிய மரம்

புதுக் குவார்ட்டர்ஸில் பெட்டியை இறக்கி வைத்ததுமே பச்சைப் பலகை வாசனை அவள் மூக்கில் ஏறியது. ஜன்னலுக்கு வெளியே, போன வருஷம் வரை காடாக இருந்த மேடு முழுக்க எண்ணெய்ப்பனைக் கன்றுகள்.

"நாம வெட்டின மரத்துலயே நமக்கு வீடு. யாருக்குக் கிடைக்கும் பாப்பா?" என்று அப்பா மரம் அறுக்கும் மெஷினை மூலையில் சாய்த்தார்.

அந்தி இருட்டோடு மழையும் சேர்ந்துகொண்டது.

டொக். டொக்.

"எலிக்கும் சேர்த்துத்தான் குவார்ட்டர்ஸ் குடுத்திருக்காங்க போல!" அப்பா சிரித்தபடி டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

எலி இல்லை. அவளுக்குத் தெரியும்.

வெட்ட வேண்டிய மரத்துக்குச் சிவப்பு ரிப்பன், விட்டுவைக்க வேண்டியதற்கு வெள்ளை. லீவில் அப்பாவுக்கு ஒத்தாசையாக அவள்தான் கட்டினாள். ஓடையோரத்துப் பெரிய மரத்தின் பொந்தில் ஒரு இருவாச்சி அடைகாத்துக்கொண்டிருந்தது. பெண் பறவை உள்ளே உட்கார்ந்து வாசலைச் சேற்றால் பூசிக்கொள்ளும். விரலளவு கீறல் வழியாக ஆண் பறவை பழம் ஊட்டும். அந்த மரத்துக்கு வந்தபோது வெள்ளை தீர்ந்துவிட்டது. அட்டைக்குப் பயந்து அவள் திரும்பிப் போய் எடுத்துவரவில்லை. இப்போதைக்கு அடையாளம் இருக்கட்டும், நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சிவப்பையே கட்டினாள்.

மாற்ற மறந்தே போனாள்.

டொக். டொக். டொக்.

சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் குரல். "வெளிய ஒண்ணும் இல்ல பாப்பா. நீயா தட்டுற?"

"நான் இல்லப்பா."

இருவருக்கும் நடுவே ஒற்றைப் பலகை. ஒரு விரல் கனம்.

சத்தம் அதற்குள்ளிருந்து வந்தது.

அவள் பலகையில் வாயை வைத்தாள். "அப்பா... ஓடையோர மரத்துக்குச் சிவப்பு கட்டினது நான்தான். உள்ள இருவாச்சி அடைகாத்துக்கிட்டு இருந்துச்சு."

"அறுக்கும்போது உள்ள ஏதோ தட்டுச்சு," என்று அப்பா கிசுகிசுத்தார். "மெஷின்தான் உதறுதுன்னு நெனச்சிட்டேன்மா."

தட்டல் நின்றது.

"கதவத் திற பாப்பா. ஏன் பூட்டின?" கதவுக்கு வெளியிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

அவள் பூட்டவில்லை. ஓடிப்போய் இழுத்தாள். அசையவில்லை. கதவு இடுக்கெல்லாம் ஈரச்சேறு. உள்பக்கமாக, யாரோ வழித்து வழித்துப் பூசியதுபோல. ஒரு கீறல் மட்டும் மிச்சமிருந்தது.

அவள் தன் கைகளைப் பார்த்தாள்.

மணிக்கட்டு வரை சேறு.

கீறல் வழியாக ஒரு அத்திப்பழம் மெதுவாக உள்ளே நீண்டு, அவள் உதட்டருகே நின்றது.

"அப்பா... நீங்களா?"

பதில் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"நான் ஜன்னல்கிட்ட நிக்கிறேன்மா. கதவுகிட்ட யாரு?"