அலுமாரியின் முதுகுப் பலகை

கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த மாதம். மழையைக் கண்டு வாரக்கணக்காகிவிட்டது. வாவிக்கரைச் சேறு காய்ந்து வெடித்து, காத்தான்குடித் தெருக்களில் புழுதி மட்டும் தாராளமாக இருந்தது. அப்படியிருக்க, கராச் சுவரில் புதிதாக மாட்டிய அலுமாரிக்கு நேர் கீழே, சீமெந்துத் தரையில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

நிஸ்தார் அண்ணாந்து கூரையைப் பார்த்தான். தகரத்தில் ஓட்டை இல்லை. சுவரைத் தடவினான், காய்ந்துதான் இருந்தது. கழிவுத் துணியால் தரையை ஒற்றிவிட்டு, பிரித்துப் போட்டிருந்த ஆட்டோ எஞ்சினுக்குப் பக்கத்தில் மறுபடி குந்தினான். இதையெல்லாம் ஆராய அவனுக்குத் தெம்பில்லை. கட்டாரில் பாரம் தூக்கித் தேய்ந்த முதுகோடு ஊர் திரும்பி, மனைவி வீட்டு வளவிலேயே இந்தக் கராச்சைப் போட்டிருந்தான். காலையில் எழும்பும்போதே களைப்பாக இருந்தது. படுக்கும்போதும் அதே களைப்புத்தான்.

அந்த அலுமாரியும் ஆசைக்குச் செய்ததல்ல. மகள் நிஸ்றாவுக்கு ஐந்து வயது. தகரம் வெட்டும் பிளேட் ஒன்றைத் தரையிலிருந்து எடுத்து விளையாடி, உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக் கூட்டிவந்த அன்று, அவன் மனைவி ஸாதியா சத்தம் போடவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

“சாமானெல்லாத்தையும் புள்ளைக்கு எட்டாம மேல வைங்க. இல்லாட்டி கராச்சை இழுத்து மூடுங்க,” என்றாள். “எனக்கு ஒரு புள்ளதான் இரிக்கி.”

அவனுக்கும் அந்த ஒன்றுதான். அன்றே வேலையைத் தொடங்கினான். பக்கப் பலகைகளையும் கதவுகளையும் மீந்து கிடந்த பிளைவுட்டில் சரிக்கட்டினான். சுவரில் மாட்டுவதற்குச் சரிவாக அறுத்த இரண்டு சட்டங்கள். ஒன்று சுவரில், மற்றது அலுமாரியின் முதுகில். ஒன்றின்மேல் ஒன்றைக் கொளுவினால் அசையாமல் உட்கார்ந்துவிடும். ஸ்பானர்களின் பாரத்தைத் தாங்க முதுகுப் பலகை மட்டும் திடமாக வேண்டும். அதை வாங்க மரக்காலைக்குப் போய்வர அலுப்பாக இருந்தது. அப்போதுதான் கிணற்றடியில் சாத்திக் கிடந்த பலகை கண்ணில் பட்டது.

அது என்ன பலகை என்று அவனுக்குத் தெரியும். மாமனார் மௌத்தானபோது, அடக்கத்துக்கு முன் அவருடைய மய்யித்தைக் குளிப்பாட்டப் பள்ளிவாசலிலிருந்து எடுத்துவந்த பலகை. அவருக்கு முன்னால் ஊரில் எத்தனையோ பேரை அதில் கிடத்திக் குளிப்பாட்டியிருக்கிறார்கள். அடக்கம் முடிந்ததும் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் முறை. அதற்குள் பள்ளிக்குப் புதிய இரும்பு மேசை வந்துவிட்டது. அவர்களும் கேட்கவில்லை, இவனும் கொடுக்கவில்லை. நாளைக்குப் பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம் என்றே கிடந்துவிட்டது.

நல்ல முதிரை மரம். இத்தனை தண்ணீர் குடித்தும் ஒரு மூலைகூட உளுக்கவில்லை. மரம் மரம்தானே என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான். சீவுளி போட்டு மேல்தோலை எடுத்தான். குறுக்கே இரண்டாக அறுத்து அருகருகே பொருத்தினான். தண்ணீர் வடிவதற்கென்று போட்டிருந்த ஓட்டைகள் கொளுக்கி மாட்ட அளவாக இருந்ததைப் பார்த்து, கொஞ்சம் சந்தோஷம்கூடப் பட்டான். ஸாதியாவிடம் எதுவும் சொல்லவில்லை. சீவிய பலகையை அவளுக்கு அடையாளம் தெரியவுமில்லை.

மறுநாளும் தண்ணீர் கிடந்தது. அதற்கடுத்த நாள் கதவைத் திறந்தபோது, கிறீஸும் பெற்றோலும் மணக்கவேண்டிய அலுமாரிக்குள்ளிருந்து கற்பூர வாசம் வந்தது. கற்பூரத்துக்கு அடியில், கசக்கிய இலந்தை இலையின் பச்சை வாசம். இரண்டும் மய்யித்தைக் குளிப்பாட்டும் தண்ணீரில் கலக்கிறவை. அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானரை எடுத்தான். அது ஐஸ்போல் குளிர்ந்திருந்தது. வெளியே தார் றோட்டு உருகிக்கொண்டிருந்தது.

அன்று பின்னேரம், அசர் தொழுதுவிட்டு வந்து எஞ்சினுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. குழாயிலிருந்து விழும் சத்தமல்ல. யாரோ வாளியில் மொண்டு, அவசரமில்லாமல், பக்குவமாக ஊற்றுகிற சத்தம். முதலில் வலப்பக்கம். சற்று நின்று இடப்பக்கம். பிறகு மரத்தில் கை வழுக்கிப் போகிற மெல்லிய உரசல். அந்த ஒழுங்கு அவனுக்கு மனப்பாடம். மாமனாரின் வலத்தோளில் முதல் தண்ணீரை ஊற்றியவனே அவன்தான். திரும்பிப் பார்த்தான். அலுமாரிக் கதவு சாத்தித்தான் இருந்தது. கையைத் துடைக்காமலே எழும்பி வீட்டுக்குப் போனான்.

வீட்டுக்குள் ஸாதியா மகளின் தலையைத் துவாயால் துவட்டிக்கொண்டிருந்தாள்.

“இஞ்ச பாருங்க, இவள் திரும்பவும் தண்ணியில விளையாடி இரிக்காள். தலையெல்லாம் நனைஞ்சி கிடக்கு.”

“நான் விளையாடல்ல உம்மா,” என்றாள் நிஸ்றா. “படுத்துத்தான் இரிந்தன்.”

நிஸ்தார் குனிந்து மகளின் தலையை முகர்ந்தான். கற்பூரம். மனைவியிடம் சொல்லிவிடவேண்டும் என்று வாயைத் திறந்தான். என்னவென்று சொல்வது? உன் வாப்பாவைக் குளிப்பாட்டிய பலகையை அறுத்துச் சுவரில் மாட்டியிருக்கிறேன் என்றா? கராச்சுக்குத் திரும்பினான்.

சாமான்களை எல்லாம் எடுத்துக் கீழே வைத்தான். அலுமாரியைச் சுவர்ச் சட்டத்திலிருந்து தூக்கினால் முடிந்தது. தனியாக மாட்டியவன், தனியாக இறக்க மாட்டானா? இரண்டு கையையும் அடியில் கொடுத்துத் தூக்கினான். அசையவில்லை. மூச்சைப் பிடித்துத் தூக்கினான். ஒரு விரற்கடை மேலே வந்தது, அத்தோடு பாரம் முழுவதும் கைகளில் இறங்கியது. அது பலகையின் பாரமல்ல. தலைமாட்டில் பாரமாய், நடுவில் தொய்வாய் இருந்த அந்தப் பாரத்தை அவன் முன்பு ஒருமுறை தூக்கியிருக்கிறான். பதறிக் கையை எடுத்தான். முதுகு பிடித்துக்கொண்டது.

சுவரோடு சாய்ந்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். பயத்தைவிட அலுப்புத்தான் பெரிதாக இருந்தது. நாளைக்கு ஆரையம்பதியிலிருந்து கூட்டாளி நிதுர்ஷனைக் கூப்பிட்டால், இரண்டு பேராய் இறக்கலாம். பள்ளியில் உண்மையைச் சொல்லி ஒப்படைக்கலாம். ஒரு நாளில் என்ன வந்துவிடப்போகிறது.

மஃரிப் முடிந்து இருட்டிக்கொண்டு வந்தபோது கரண்ட் போனது. ஸாதியா தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். நிஸ்றா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். நிஸ்தார் வாசல் படியில், வாவிப் பக்கமிருந்து வரும் காற்றுக்கு மார்பைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஊற்றும் சத்தம் கேட்டது.

இந்தமுறை ஒரு கை அல்ல. பல கைகள். வாளிகள் தரையில் உரசின. போனின் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு கராச்சுக்குப் போனான். சத்தம் நின்றது.

அலுமாரி திறந்து கிடந்தது. பக்கப் பலகைகள் இருந்தன. கதவுகள் இருந்தன. முதுகில் வெறும் சுவர் தெரிந்தது. கொளுக்கிகள் கீழே வரிசையாக, ஒன்றையொன்று தொடாமல் வைக்கப்பட்டிருந்தன.

தரையைப் பார்த்தான். ஒரு சொட்டு ஈரமில்லை.

மறுபடியும் சத்தம் கேட்டது. இங்கே இல்லை. பின்னால். வீட்டுக்குள்.

ஓடினான். படியில் இடறினான். எழும்பி ஓடினான். “மகள்!” என்று கத்தினான். “நிஸ்றா!”

உள்ளறை வாசலில் கால் வழுக்கியது. தரையெல்லாம் தண்ணீர். கற்பூரம் மூச்சை அடைத்தது. வெளிச்சத்தைக் கட்டிலுக்குக் காட்டினான்.

மெத்தை சுவரோரம் சாத்தப்பட்டிருந்தது. கட்டில் சட்டத்தின் மேல் முதிரைப் பலகை. அறுத்த இடம் தெரியவில்லை. அதன்மேல் மல்லாந்து கிடந்தாள் நிஸ்றா. மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. உயிர் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ், உயிர் இருந்தது.

“வாப்பா,” என்றாள், கண்ணைத் திறக்காமல். “குளிருது. போதும் எண்டு இவங்ககிட்ட சொல்லுங்க.”

அள்ளித் தூக்கக் கையை நீட்டினான். தூக்க முடியவில்லை. பாரம்.

வெளிச்சம் அவளுடைய காலடிக்கு இறங்கியது. இரண்டு பெருவிரல்களும் சேர்ந்திருந்தன. அவற்றைச் சுற்றி வெள்ளைத் துணிக்கீற்று ஒன்று. நிஸ்தார் முடிச்சைப் பிடித்து இழுத்தான். அது அவிழவில்லை. துணியின் இரண்டு முனைகளும், அவனுடைய விரல்களுக்கு நடுவிலேயே, இன்னும் இறுகிக்கொண்டிருந்தன.