விரலால் பார்த்து வாங்கிய லேப்டாப்

ஒரு லேப்டாப் வாங்க எத்தனை பேர் போக வேண்டும்? ஹிபா வீட்டிலிருந்து மூன்று பேர் கிளம்பினார்கள். அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பா, ஸைத் அண்ணன், அப்புறம் ஹிபா. ஆறாம் வகுப்புப் படிக்கும் ஹிபாவை யாரும் கூப்பிடவில்லை. அவளாகவே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றுவிட்டாள். அதற்கு மேல் வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்?

ஸைத் அண்ணனுக்குப் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. கல்லூரியில் வரலாறு படிக்கிறான். பாடமெல்லாம் தலைகீழாகத் தெரியும். ஆனால் பரீட்சையில் அவன் சொல்லச் சொல்லப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுதுவார். போன தடவை வந்தவர் ரொம்ப மெதுவாக எழுதினார். கடைசிக் கேள்விக்கு நேரமே கிடைக்கவில்லை. மார்க் நன்றாகக் குறைந்துவிட்டது. தான் சொன்னது தப்பா, அவர் எழுதியது தப்பா என்று அண்ணனுக்குத் தெரியவே இல்லை. அன்று ராத்திரி அவன் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

இந்தத் தடவை லேப்டாப்பில் அவனே அடித்து எழுதலாம் என்று கல்லூரியில் அனுமதி கொடுத்துவிட்டார்கள். லேப்டாப்பை அவன்தான் கொண்டுபோக வேண்டும். பரீட்சைக்கு இன்னும் பத்தே நாள் இருந்தது. புதிது வாங்க வசதி இல்லாததால், முத்தியால்பேட்டையில் பழைய லேப்டாப் விற்கும் அருள்முருகன் கடைக்குப் போனார்கள்.

அருள்முருகன் நல்ல மனிதர். கண் தெரியாத பையன் வருகிறான் என்று அத்தா முன்கூட்டியே போனில் சொல்லி வைத்திருந்தார். அதனாலோ என்னவோ, அவர் ஸைத்தின் காதருகே குனிந்து, "வாங்க தம்பி, உக்காருங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

"காது நல்லாவே கேக்குதுண்ணே" என்று அண்ணன் சிரித்தான். அருள்முருகன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பிறகு வெள்ளி நிறத்தில் ஒல்லியான லேப்டாப் ஒன்றை எடுத்து வைத்தார். அதன் ஒவ்வொரு பட்டன் மேலும் பெரிய பெரிய மஞ்சள் எழுத்துகள் ஒட்டியிருந்தன. பார்வைக் குறை உள்ளவர்களுக்கு இது உதவும் என்று யாரோ சொன்னார்களாம். முதல் நாள் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து அவரே ஒட்டினாராம்.

அத்தாவுக்குத் துணிக்கடை. கடை விளக்கில் பார்த்து எந்தக் கலரையும் நம்ப மாட்டார். துணியை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்த்தால்தான் அவருக்கு மனசு ஆறும். இந்த லேப்டாப்பையும் அப்படியே வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனார். சாய்த்தார், நிமிர்த்தினார். அந்த வெயிலில் திரையில் ஒன்றுமே தெரியவில்லை. அத்தாவின் தாடிதான் தெரிந்தது. இருந்தாலும் திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டு வந்து, மகன் முன்னால் வைத்தார்.

ஸைத் பட்டன்களின் மேல் விரல்களை ஓட்டினான். விரல்கள் இடது பக்கம் போயின, வலது பக்கம் போயின, மறுபடியும் திரும்பி வந்தன.

"நல்லாருக்கு அத்தா" என்றான்.

ஹிபா அண்ணன் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் சரியான வாயாடி. ஒரு பொருள் பிடித்துவிட்டால் அதைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுவான். அத்தா ஆசையாக எடுத்தது பிடிக்கவில்லை என்றால்தான், அவர் மனசு நோகக் கூடாதே என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்வான்.

"அண்ணே, இத பேச வைங்க. நான் ஒரு தடவ அடிச்சுப் பாக்கறேன்" என்று அருள்முருகனிடம் கேட்டாள். எந்தப் பட்டனை அழுத்தினாலும் அதைச் சத்தமாகச் சொல்லும் வசதியை அவர் போட்டுவிட்டார். ஹிபா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

இரண்டே பட்டன்களில் மட்டும் விரலுக்குத் தட்டுப்படும்படி சின்னக் கோடு இருக்கும் என்று அண்ணன் அவளுக்குச் சொல்லித் தந்திருக்கிறான். ஆள்காட்டி விரல்களை அங்கே வைத்துவிட்டால் மற்ற எழுத்தெல்லாம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். அவள் தடவித் தடவிப் பார்த்தாள். கோடே அகப்படவில்லை. இரண்டும் மஞ்சள் எழுத்துக்கு அடியில் மறைந்துகிடந்தன.

ஒவ்வொரு பட்டனாக அழுத்தினாள். லேப்டாப் ஒழுங்காகத்தான் பேசிக்கொண்டு வந்தது. ஆங்கில எம் எழுத்து வந்ததும் "எம், எம்" என்று இரண்டு தடவை சொன்னது. மறுபடி அழுத்தியபோது ஒன்றுமே சொல்லவில்லை.

"பரீட்சையில இப்படிப் பண்ணா என்னண்ணா பண்ணுவ?" என்று கேட்டாள் ஹிபா.

ஸைத் தலையைக் குனிந்துகொண்டான். அத்தா இவ்வளவு ஆசையாகப் பார்த்து எடுத்தாரே, எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்ததாக மெல்லச் சொன்னான். அருள்முருகனின் முகம் சுருங்கிப்போனது. மஞ்சள் எழுத்தையெல்லாம் பிய்த்துவிடலாம், ஆனால் அந்த எம் பட்டனுக்குத் தன்னிடம் மருந்து இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

ஹிபா கடையைச் சுற்றிப் பார்த்தாள். கீழ்த் தட்டில் தடித்த கறுப்பு லேப்டாப் ஒன்று கிடந்தது. அது என்னவென்று கேட்டாள்.

"அது வேணாம் பாப்பா. உள்ள எல்லாம் நல்லா ஓடுது, கீபோர்டும் கெட்டி. ஆனா ஸ்கிரீன் போயிடுச்சு. யாரு வாங்குவா?"

"எங்கண்ணன் எதுக்குண்ணே ஸ்கிரீனப் பாக்கணும்?"

முதலில் ஸைத் சிரித்துவிட்டான். அருள்முருகன் தலையில் அடித்துக்கொண்டு அதை எடுத்துத் துடைத்தார். ஸ்கிரீனுக்குப் பதில் கடை டிவியில் மாட்டிப் பார்த்து, பேசும் வசதியையும் போட்டுக் கொடுத்தார். அண்ணனின் விரல்கள் வைத்த இடத்திலேயே நின்றன. அப்புறம் கடகடவென்று ஓடின. ஒரு எழுத்துகூட இரண்டு தடவை கேட்கவில்லை. பட்டனில் விரல் உட்கார எவ்வளவு பள்ளம், அழுத்தினால் எப்படி எழும்புகிறது, ஸ்கிரீன் எரியாததால் பேட்டரி இன்னும் எவ்வளவு நேரம் நிற்கும் என்று அவன் பேச ஆரம்பித்தான், நிறுத்தவே இல்லை.

அத்தாவின் முகம் மட்டும் தெளியவில்லை. "எம்புள்ளைக்குப் போய் உடைஞ்சத வாங்கித் தருவனா?" என்றார்.

ஹிபா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "கலருக்குத்தான அத்தா வெயில்ல பாப்பீங்க? துணி நல்ல துணியான்னு விரல்லதான பாப்பீங்க? கண்ண மூடிக்கிட்டு இதத் தொட்டுப் பாருங்க."

அத்தா கண்ணை மூடினார். முதலில் வெள்ளியைத் தடவினார். பிறகு கறுப்பைத் தடவினார். மட்டமான துணியையும் உயர்ந்த துணியையும் முப்பது வருஷமாகப் பிரித்தறிந்த விரல்கள் அவை. கறுப்பின் மேலேயே வெகுநேரம் நின்றன.

"இத்தன நாளா உனக்கு எடுத்ததெல்லாம் என் கண்ணுக்குப் புடிச்சதுதாண்டா ஸைத்" என்றார். அருள்முருகனிடம் திரும்பி, கறுப்பையே கட்டித் தரச் சொன்னார்.

பரீட்சை அன்று பெரிய கூத்து. மெஷின் அணைந்துவிட்டது என்று நினைத்து, மேற்பார்வைக்கு வந்த ஆசிரியர் பதறிப்போய் ஓடி வந்தாராம். ஸைத் தன் காதிலிருந்த இயர்போனில் ஒன்றைக் கழற்றி அவரிடம் கொடுத்தானாம். அவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, சத்தம் போடாமல் போய் உட்கார்ந்துகொண்டாராம்.

ரெண்டு வாரம் கழித்து மார்க் வந்தது. ஐம்பதுக்கு நாற்பத்தொன்று. அந்த ஒன்பது மார்க்குக்காகப் பையன் வருத்தப்படுவானோ என்று அத்தா பயந்துகொண்டே அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஸைத் பெரிய பரிசு வாங்கியவன்போலச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அந்த ஒம்போதும் நானே விட்டது அத்தா. வேற யாரும் விடல."

மறுநாள் கடைக்குத் துணி எடுக்க வந்த எல்லாரிடமும் அத்தா அந்த ஒன்பது மார்க்கைப் பற்றித்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.