டிக்கியைத் திறக்காமல் அடித்த பெயின்ட்

டிக்கி மூடியில் யாரோ கையை வைத்து அழுத்தியிருந்தார்கள்.

புதன்கிழமை காலையில்தான் ஞானசிங் அதைப் பார்த்தான். முந்தின நாள் தகரத்தைச் சமப்படுத்தப் பூசிய பட்டி காய்ந்து கல்லாகியிருந்தது. அதன்மேல் கறுப்புத் தூளைத் தடவி உப்புத்தாளால் தேய்த்தால் மேடெல்லாம் முதலில் வெளுக்கும், பள்ளத்தில் மட்டும் கறுப்பு தங்கும். தேய்க்கத் தேய்க்க மூடியின் நடுவில் கறுப்பாக ஐந்து விரலும் உள்ளங்கையும் தங்கின.

"எவம்லே இதுல கைய வச்சது?"

எஞ்சினுக்குள் தலையைவிட்டிருந்த கார்மேகம் நிமிர்ந்தான். ஓமானில், சோஹாரில் அந்த ஒர்க்‌ஷாப்பில் இவர்கள் இருவர்தான் வேலை. "சத்தியமா நான் இல்லண்ணே" என்று வந்து தன் கையை அந்தத் தடத்தின்மேல் பொருத்திக் காட்டினான். தடத்தின் விரல்கள் ஒரு கணு நீளமாக இருந்தன.

ஞானசிங்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அறுபத்தொன்பதாம் வருஷத்து அமெரிக்க வண்டி, கட்டில் மாதிரி அகலம், கேட்டது கறுப்பு நிறம். கறுப்பு பொல்லாத நிறம், ஒரு நெளிவு இருந்தாலும் ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும். இதில் முதலாளி மக்தூம் வேறு டிக்கியைத் திறக்கவே கூடாது என்று சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருந்தான். மூடியைத் திறந்து உள்விளிம்புக்கு அடிக்காமல் அது என்ன பெயின்ட் வேலை? கேட்டதற்கு மக்தூம், "டிக்கி மாஃபி ஓபன். ஃப்ரைடே பாஞ்ச் பஜே காடி கலாஸ், பாஸ்போர்ட் லேகே ஜாவ்" என்றான். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு வண்டி முடிந்தால் பாஸ்போர்ட், அன்று ராத்திரியே மஸ்கட்டிலிருந்து விமானம். முடியாவிட்டால் லீவு இல்லை.

திங்கட்கிழமை நாகர்கோவிலில் அவன் மனைவி அற்புதராணிக்கு மார்பில் ஆபரேஷன். ஏற்கெனவே இரண்டு தேதி அவனுக்காகத் தள்ளிப்போனது. "நீங்க வராம நான் அந்த டேபிள்ல படுக்க மாட்டேன். கட்டி பெருசாவட்டு" என்று போனில் சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

பள்ளத்தை நிரப்பினான். வியாழக்கிழமை மறுபடி தூளைத் தடவித் தேய்த்தபோது அதே கை வந்தது. இந்தத் தடவை வெள்ளையாக.

உப்புத்தாள் அவன் கையிலேயே நின்றுவிட்டது. வெளியிலிருந்து அழுத்தினால் பள்ளம் விழும். மேடு எழும்ப வேண்டுமானால் உள்ளேயிருந்துதான் அழுத்த வேண்டும்.

"தொறந்து பாத்துருவோம்ணே" என்றான் கார்மேகம். குரல் இறங்கியிருந்தது.

"சாவி எங்கலே இருக்கு? கம்பிபோட்டு நெம்புனா மூடி கோணிப்போவும். பிறவு நான் எப்படி ஊருக்குப் போவேன்? நீயா வந்து அவளுக்கு பதில் சொல்லுவ?"

கார்மேகம் மூடியில் காதை வைத்தான். பிறகு யாரையும் பார்க்காமல் குழாயடிக்குப் போய்க் கையையும் காதையும் சோப்புப் போட்டுக் கழுவினான். "வண்டி வந்து ரெண்டு மாசம் ஆச்சுண்ணே, டிக்கி பூட்டியேதான் கெடக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குப் போனவன், மறுநாள் வேலைக்கு வரவில்லை.

போகட்டும், பயந்தாங்கொள்ளி. ஞானசிங் பட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுத்தியலால் அந்தக் கையை அடித்து இறக்கினான். தகரம் கணீரென்று ஒலிக்க வேண்டும். ஒலிக்கவில்லை, கறிக்கட்டையில் இறைச்சியை வைத்துக் கொத்துவதுபோல மொத்தென்றுதான் கேட்டது. அது அவனுக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்ததால் வந்த கோபத்தில் இன்னும் ஓங்கி அடித்தான்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் புதுப் பட்டி காய்ந்து, கறுப்பு ஏறிவிட்டது. ஷட்டர் இடுக்கில் வெயில் கத்திபோல நீட்டியிருக்க, தின்னர் வாடையில் கண் எரிய, பனியன் முதுகோடு ஒட்ட, காற்றை வெளியே தள்ளும் பெரிய விசிறி காதுக்குள் இரைந்துகொண்டிருக்க, மூச்சுமூடிக்குள் தன் மூச்சையே குடித்துக்கொண்டு கடைசி மினுக்குப் பூச்சை அடித்து முடித்தான். மூடி கிணற்றுத் தண்ணீர்போல அசையாமல் கிடந்தது. ஒரு நெளிவு இல்லை. அவன் அழுதேவிட்டான். மணி நாலரை.

விசிறியை நிறுத்தினான்.

சர்ரென்று ஒரு சத்தம். நின்றது. மறுபடி சர்ர்.

உப்புத்தாள் தேய்க்கும் சத்தம். இருபது வருஷமாகக் கேட்கிற சத்தம், தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். மூடியின் அடிப்பக்கத்திலிருந்து, அவசரமில்லாமல், ஒரே சீராக வந்தது.

"நிறுத்துலே" என்றான் ஞானசிங். "எவனா இருந்தாலும் சரி. அர மணிக்கூறு. அர மணிக்கூறு சும்மா கெட."

சத்தம் நின்றது.

மூடிக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் ஒரு தீப்பெட்டிகூட நுழையாது. அதிலிருந்து நான்கு விரல்நுனிகள் வெளியே வந்தன. தட்டையாக. நகத்தடியில் வெள்ளைப் பட்டி. கணுக்கள் நசுங்கியிருந்தன. அவை மூடியைத் தள்ளவில்லை. ஈரப் பெயின்டின்மேல் மெல்ல ஊர்ந்து தடவிப் பார்த்தன, நெளிவு இருக்கிறதா என்று ஒரு வேலைக்காரன் பார்ப்பதைப்போல.

போன இடமெல்லாம் நான்கு கோடுகள்.

மூன்று நாள் வேலை. அற்புதராணியின் திங்கட்கிழமை.

ஓடியிருக்கலாம். ஷட்டரைத் தூக்கிக் கத்தியிருக்கலாம். பயம் இருந்தது. ஆனால் அதற்கு மேலாகக் கோபம் நின்றது. மக்தூமை ஒரு நாளும் கேட்க முடியாத கோபம், இரண்டு தடவை தள்ளிப்போன தேதியின் கோபம். எல்லாம் இந்த நாலு விரலைத் தேடி வந்தது.

"உனக்கு என்னத்துக்குலே நான்தான் கெடச்சேன்?"

சுத்தியலை எடுத்தான். அடித்தான்.

விரல்கள் உள்ளே போகவில்லை.

பக்கத்தில் இன்னும் நான்கு வந்தன. அதற்கப்பால் நான்கு. ஒன்றில் மெலிந்த வெள்ளி மோதிரம். ஒன்று பெருவிரல் அளவுக்குத் தடித்தது. மூடியின் மூன்று பக்கமும் இடுக்கு நெடுக, பல் வரிசைபோல, விரல்கள். எல்லாம் காத்திருந்தன.

வெளியே மக்தூமின் வண்டி வந்து நின்றது. ஹாரன் ஒரு தடவை.

பெயின்ட் இன்னும் ஈரம். கோடுகளை மூட ஒரு பூச்சு போதும், ஐந்து நிமிஷம்தான் ஆகும்.

ஞானசிங் மூச்சுமூடியை இழுத்து மாட்டிக்கொண்டு இடது ஓரத்திலிருந்து, விரல்களையும் சேர்த்து, கறுப்பு அடிக்க ஆரம்பித்தான்.