இறுக்கிக் கட்டு, ராணி!

"ஆஆஆ...!"

அந்த அலறல் முழுதாக முடியவில்லை. பாதியில் நசுங்கியது.

அதன் மேல் ஒரு பேரிரைச்சல். ஊரிலுள்ள தட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் உடைவதைப் போல...!

காபிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள் நியேவெஸ்.

ஸ்பெயினில் காஸ்தெய்யோன் நகருக்குப் பக்கத்தில் இருந்த அந்த டைல் தொழிற்சாலையில் ஆணி வாங்க வேண்டுமென்றாலும் அவள் கையெழுத்து வேண்டும். வயது ஐம்பத்திரண்டு. ஓடிப் பழக்கமில்லை.

அன்று ஓடினாள்.

காலை இடைவேளை நேரம். ஆட்கள் எல்லாரும் கேன்டீனில் ரொட்டிக்குள் ஆம்லெட்டைத் திணித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். யார்டில் வெயிலைத் தவிர யாரும் இல்லை.

இல்லை... ஒருவர் இருந்தார்!

மேலடுக்குப் பேலட் ஒன்றின் மரச்சட்டத்திலிருந்து டைல் பெட்டிகள் சரிந்து, உடைந்து, குன்றாகக் கிடந்தன. குன்றின் அடியிலிருந்து ஒரு பூட்ஸ் நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குச் சிவப்பு நாடா.

அந்த ஆலையில் சிவப்பு நாடா கட்டும் ஒரே ஆள், பேக்கிங் பிரிவின் தலைவர் எவரிஸ்தோ.

"ஐயோ... எவரிஸ்தோ!"

பூட்ஸ் அசையவில்லை.

குனிந்து பெட்டிகளைத் தூக்கியிருக்க வேண்டும். ஆனால் நியேவெஸின் கண் அடுத்துப் போனது பெட்டிகளுக்கு அல்ல. மேலே, பேலட்டில் தொங்கிக்கொண்டிருந்த பச்சைப் பிளாஸ்டிக் பட்டைக்கு!

பட்டை அறுந்திருந்தது. நுனி துடைப்பம் போல நார்நாராகப் பிரிந்திருந்தது.

'நான் வாங்கின பட்டை...!'

ஒரு மனிதன் அடியில் கிடக்கும்போது பட்டையைப் பார்த்த தன் கண்களை அவளே வெறுத்தாள்.

ஆட்கள் ஓடி வந்தார்கள். ஆளுக்கொரு பெட்டியாக எடுத்து வீசினார்கள். முதலில் கை... பிறகு தோள்... பிறகு ரத்தமும் புழுதியுமாக முகம்.

"மூச்சு இருக்கு! மாமாவுக்கு மூச்சு இருக்கு!" என்று கத்தினான் ஃபெர்மின். எவரிஸ்தோவின் மருமகன். பட்டை கட்டும் வேலையில் இருப்பவன்.

ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு வந்தது. ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் கூட்டம் மொத்தமும் கேட்டுக்கு ஓடியது.

நியேவெஸ் மட்டும் நகரவில்லை. மனம் அந்த மேஜைக்குப் போயிருந்தது...

*

கோடை தொடங்கும் சமயம். பேலட் கட்டுவதற்குப் புதிய கருவி வாங்க வேண்டும். மேஜை மேல் மூன்று செட் பரப்பியிருந்தான் விற்பனையாளன் ஹஸிந்தோ.

முதலாவது இரும்புப் பட்டைக்கு. பலம் உண்டு. ஆனால் டைலின் ஓரத்தைக் கடித்துப் பெயர்க்கும். அறுக்கும்போது பாம்பு மாதிரித் துள்ளி முகத்தைக் கிழிக்கும்.

இரண்டாவது பாலியஸ்டர் பட்டைக்கு. இழுத்து இறுக்க நீளக் கைப்பிடி வைத்த டென்ஷனர். கிளிப்பை நசுக்கிப் பூட்ட ஒரு பெரிய குறடு. கனமான சாமான். இரண்டு கையும் இடுப்பும் சேர்ந்து உழைக்க வேண்டும். ஆனால் சுமை சற்றே குலுங்கி அமர்ந்தாலும் பட்டை தளராது.

மூன்றாவது... பொம்மை மாதிரி. ஒரே கருவி. அதுவே இழுக்கும், அதுவே பூட்டும். மலிவான பச்சைப் பட்டைக்கு உரியது.

"ரெண்டாவதை வாங்கு, பொண்ணே," என்றார் பக்கத்தில் நின்ற எவரிஸ்தோ. "கை வலிக்கும்தான். வலிச்சா வலிக்கட்டும்."

நியேவெஸுக்குத் தெரியாதா? அவளே பேக்கிங்கில் வேலை தொடங்கியவள். பச்சைப் பட்டையை ஒரு முறை இழுத்துப் பார்த்தாள். ரப்பர் போல நீண்டது. இது அட்டைப்பெட்டியில் பிஸ்கட் கட்டத்தான் லாயக்கு. செங்குத்தாக நிறுத்திய டைலுக்கு ஆகாது என்று விரல்கள் அப்போதே சொல்லிவிட்டன.

அப்போது ஹஸிந்தோ அந்த விரல்களைப் பிடித்தான்.

"இவ்ளோ அழகான கைக்கு எதுக்கு அந்த இரும்புக் கழுதை? சின்னக் கருவியைப் பிடிச்சுப் பாரு. ம்... இறுக்கிக் கட்டு, ராணி!"

ராணி...!

விவாகரத்துக்குப் பிறகு அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அன்று மதியம் அவனோடு கடற்கரை ஓட்டலில் மீன் சாற்றில் வெந்த சோறு. குளிர்ந்த ஒயின். கண்ணாடியில் பார்த்தபோது கன்னம் சிவந்திருந்தது.

அடுத்த நாள் மூன்றாவது கருவிக்குக் கையெழுத்துப் போட்டாள்.

*

"ராணி..."

திடுக்கிட்டுத் திரும்பினாள். ஹஸிந்தோ! வெள்ளைச் சட்டை. கலையாத தலை.

"நீ... எப்ப வந்தே?"

"கருவிக்கு ஸ்பிரிங் மாத்தக் கூப்பிட்டிருந்தாங்களே, காலைலயே வந்துட்டேன். அதை விடு. அந்த நுனியைப் பாத்தியா?"

"பாத்தேன். என்னால ஒரு மனுஷன் செத்துக்கிட்டிருக்கான், ஹஸிந்தோ!"

"மெதுவா பேசு! போலீஸ் வரும். நார்நாரா அறுந்திருந்தா பட்டை மட்டம்னு அர்த்தம். மட்டமான பட்டையை வாங்கினது யாரு? வித்தது யாரு? நீயும் நானும்! நுனி நறுக்குன்னு வெட்டினாப்ல இருந்தா...?"

"இருந்தா?"

"எவனோ வேணும்னே பண்ணினதுன்னு ஆயிடும். எவன்னு கண்டுபிடிக்க மாட்டாங்க. விஷயம் ஆறிடும். உன் மேஜை டிராயர்ல நான் குடுத்த சாம்பிள் கட்டர் இருக்குல்ல? ஒரே ஒரு வெட்டு. திரும்ப டிராயர்லயே போட்டுடு."

"என்னால முடியாது..."

"முடியும். நீ ராணி!"

ஹஸிந்தோ காரை நோக்கி நடந்தான்.

நியேவெஸ் அலுவலகத்துக்குப் போனாள். திரும்பி வந்தாள். பட்டையின் நார் நுனியை இரண்டு விரலால் பிடித்தாள்.

க்ரச்!

பச்சைத் துணுக்கு ஒன்று உள்ளங்கையில் விழுந்தது. அதைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். பிறகு கட்டரைத் திரும்ப டிராயரிலேயே போட்டாள்.

*

குவார்தியா சிவில் என்ற போலீஸ் படையின் சார்ஜென்ட் ஓல்மோ மெதுவாக ஜீப்பிலிருந்து இறங்கினார். சட்டைப் பை நிறைய சூரியகாந்தி விதை. ஒன்றைக் கடித்து உமியைத் துப்பிவிட்டு, பட்டையைப் பார்த்தார்.

"அட... இது அறுந்ததில்ல. வெட்டினது!"

கூட்டத்தில் சலசலப்பு.

"உங்கள்ல யாரு இடைவேளைக்கு கேன்டீன் போகல?"

தலைகள் ஒரே பக்கம் திரும்பின.

ஃபெர்மின் முன்னால் வந்தான். "நான் பின்னாடி சிகரெட் பிடிக்கப் போயிருந்தேன், சார்."

"உங்க மாமனாருக்கும் உங்களுக்கும் நேத்து சண்டையாமே?"

"சண்டையா...? கட்டு லூஸா இருக்குன்னு மாமா திட்டினாரு. இந்தக் கருவியில இவ்ளோதான் இறுகும், இந்தப் பொம்மையை வாங்கின மேடத்தைப் போய்க் கேளுங்கன்னு நானும் கத்திட்டேன். அவ்ளோதான் சார்!"

நியேவெஸ் தரையைப் பார்த்தாள்.

"பையில என்ன?"

"கட்டர்... பேக்கிங் ஆளுங்க எல்லார்கிட்டயும் இருக்கும், சார்!"

"வாங்க, ஸ்டேஷன்ல உக்காந்து பேசலாம்."

ஜீப்பில் ஏறும் முன் ஃபெர்மின் திரும்பி அவளைப் பார்த்தான்.

"மேடம்... நீங்களாவது சொல்லுங்க! நான் இல்லாட்டி ஞாயித்துக்கிழமை அந்தாளு யார் கூட சீட்டாடுவாரு? நான் போய் அந்தப் பட்டையை வெட்டுவேனா?"

இப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும்.

நியேவெஸ் தொண்டையைச் செருமினாள்.

"எனக்கு... ஒண்ணும் தெரியாதே..."

ஜீப் போய்விட்டது.

*

மாலை. சார்ஜென்ட் ஓல்மோ தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டிருந்தபோது ஸ்டேஷன் கதவு திறந்தது.

நியேவெஸ்! அழுது வீங்கிய முகம். கையில் கட்டர்.

"அந்தப் பையனை விட்டுடுங்க. வெட்டினது நான்."

ஓல்மோ தொப்பியைக் கழற்றினார். "உக்காருங்க."

நின்றுகொண்டே கொட்டினாள். மூன்று கருவிகள். விரல்கள் சொன்னது. ராணி. கடற்கரைச் சோறு. வெட்டு. எதையும் விடவில்லை. ராணி என்ற இடத்தில் மட்டும் ஓல்மோ சிரித்துவிடுவாரோ என்று பயந்தாள். அவர் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"விபத்துக்கு அப்புறம்தான் வெட்டினீங்க?"

"ஆமா."

"எத்தனை பட்டை?"

"ஒண்ணு... ஒண்ணுதான் தொங்கிட்டு இருந்துது."

ஓல்மோ ஒரு விதையைக் கடித்தார்.

"ஒரு பேலட்டுக்கு மூணு பட்டை. மத்த ரெண்டும் பெட்டிங்களுக்கு அடியில கிடந்துது. மத்தியானம் எல்லாத்தையும் அள்ளின பிறகுதான் எடுத்தோம். அதுங்களும் நறுக்குன்னு வெட்டினதுதான்!"

"நான் வெட்டல! சத்தியமா..."

"தெரியுது. ஒரு டன் டைலுக்கு அடியில கையை விட்டு யாரும் வெட்ட முடியாது. அதுங்களை விழுறதுக்கு முன்னாடியே எவனோ வெட்டியிருக்கான். ரெண்டு போனதும் மூணாவது பாரம் தாங்காம தானா அறுந்திருக்கு. இது விபத்தில்ல, மேடம். கொலை முயற்சி!"

கொலை முயற்சி!

அந்தச் சொல்லைக் கேட்டதும் நியேவெஸின் நெஞ்சுக்குள் ஏதோ லேசானது. அப்படியானால் என் பட்டை இல்லை... நான் இல்லை...!

மறுகணம் கூசிப் போனாள். ஒரு மனிதனை எவனோ கொல்லப் பார்த்தான் என்பதில் அவளுக்கு நிம்மதி!

"இன்னொரு விஷயம்," என்றார் ஓல்மோ. "கொஞ்ச நேரம் முன்னாடி பேர் சொல்லாம ஒருத்தன் போன் பண்ணினான். பர்ச்சேஸ் மேடத்தோட டிராயர்ல ஒரு கட்டர் இருக்கு, போய்ப் பாருங்கன்னான். உங்களைத் தூக்கத்தான் கிளம்பிட்டு இருந்தேன். நீங்களே வந்துட்டீங்க."

ஓல்மோ அவள் கையிலிருந்த கட்டரை வாங்கினார்.

"டிராயர்ல இருக்கறது யாருக்குத் தெரியும்?"

"அதைத் திரும்ப டிராயர்லயே போடச் சொன்னவனுக்கு..."

"ம். மூணு வெட்டும் உங்க தலையில! அவன் சட்டையில ஒரு சுருக்கம்கூட இல்ல. போன் போடுங்க அவனுக்கு. எங்கே இருக்கான்னு மட்டும் கேளுங்க."

போட்டாள். ஸ்பீக்கரில் குரல் வந்தது.

"ராணி! மீட்டிங்ல இருக்கேன். அப்புறம் பேசறேன்."

குரலுக்குப் பின்னால் தட்டுகள் மோதும் ஓசை. அலையோசை.

"அவன் எங்க மீட்டிங் போடுவான்னு எனக்குத் தெரியும்," என்றாள் நியேவெஸ்.

*

கடற்கரை ஓட்டல். அதே மூலை மேஜை. ஹஸிந்தோவுக்கு எதிரே வேறொரு தொழிற்சாலையின் பர்ச்சேஸ் மேடம். நரைத்த கூந்தல், சிவந்த கன்னம். அவன் அவள் விரல்களைப் பிடித்திருந்தான்.

"...இவ்ளோ அழகான கைக்கு எதுக்கு அந்த இரும்புக் கழுதை, ராணி?"

வாசலில் நின்ற நியேவெஸுக்கு அப்படியே மணலுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. வார்த்தைகூட மாற்றவில்லையே, பாவி!

"மன்னிக்கணும், மேடம். உங்க ராஜாவை கொஞ்சம் கடன் கேட்டு வந்திருக்கோம்," என்றார் ஓல்மோ.

ஹஸிந்தோ எழுந்தான். நியேவெஸைப் பார்த்தான். முகம் வெளுத்தது. உடனே சிரிப்பைப் பொருத்திக்கொண்டான்.

"அவளா? அவதான் வெட்டினா! கட்டர் அவ கையில! நான் பண்ணினேன்னு என்ன சாட்சி இருக்கு?"

"இருக்கே! உங்க சாட்சி இப்பதான் ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சு தண்ணி கேட்டாராம். குடிச்சதும் உங்க பேரைச் சொன்னாராம்!"

ஹஸிந்தோவின் கை பட்டு ஒயின் கோப்பை கவிழ்ந்தது. வெள்ளைச் சட்டையில் முதல் கறை!

*

மறுநாள் காலை, ஆஸ்பத்திரி வராந்தாவில் ஃபெர்மின் நின்றிருந்தான். நியேவெஸைக் கண்டதும் வழியை மறித்தான்.

"தெரியாதுன்னு சொன்னீங்களே மேடம்..."

"ஆமா. தெரிஞ்சுக்கிட்டே சொன்னேன். மன்னிச்சுடுன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரல."

அவன் வழியை விட்டு விலகினான். "மன்னிக்கிறதெல்லாம் பிறகு. உள்ள போங்க. உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காரு."

எவரிஸ்தோவுக்கு ஒரு கால் முழுக்கக் கட்டு. விலா எலும்பு இரண்டு போய்விட்டது. வாய் மட்டும் அப்படியே இருந்தது.

"வா, பொண்ணே. அழுது தொலைக்காதே, சிரிச்சாலே வலிக்குது எனக்கு. அந்தப் பயல் வித்த பட்டைச் சுருள்ல ஒண்ணுல லேபிளை உரிச்சேன். அடியில இன்னொரு லேபிள்! வருஷக்கணக்கா எங்கேயோ வெயில்ல கிடந்து மட்கிப் போன சரக்கு. இடைவேளை முடிஞ்சதும் முதலாளிகிட்ட சொல்லப் போறேன்னு அவன்கிட்டயே சொன்னேன். 'வாங்க, அந்த பேலட்ல காட்டுங்க'ன்னு கூட்டிட்டுப் போனான். நான் குனிஞ்சேன். பின்னாடி க்ரச்... க்ரச்...னு ரெண்டு சத்தம். அப்புறம் பெட்டிங்களை ஒரே தள்ளு!"

நியேவெஸ் கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ரெண்டாவதை வாங்கச் சொன்னீங்க. எனக்கே தெரியும், எவரிஸ்தோ. இழுத்தப்பவே தெரிஞ்சுது. ஒருத்தன் ராணின்னு கூப்பிட்டான்னு... இன்னிக்கு ராஜினாமா குடுக்கப் போறேன்."

"குடுக்காதே. முதல்ல அந்த டென்ஷனரை வாங்கிட்டு அப்புறம் குடு. அடுத்து வர்றவ எந்த ராஜாகிட்ட விழுவாளோ!"

அவள் சிரிக்கவில்லை. ராத்திரி முழுக்க நெஞ்சில் கிடந்த ஒரு கேள்வி, கேட்கவே கூசும் கேள்வி, வாய்வரை வந்துவிட்டது.

"அவன் வெட்டித்தானே விழுந்துது... அப்ப என் பட்டை மேல... தப்பில்லைதானே?"

எவரிஸ்தோ விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"தப்பில்லையா...? அட போ பொண்ணே! அந்த முட்டாள் அநியாயத்துக்கு அவசரப்பட்டுக் கத்தியை எடுத்துட்டான். இன்னும் ரெண்டு வெயில் பொறுத்திருந்தா, உன் பட்டையே என்னைக் கொன்னிருக்கும்!"