காலடி மண்

அடுப்பில் விழுந்த செத்தல் மிளகாய் கமறவில்லை.

புருஷனின் அக்கா அன்னபாக்கியம் முறைப்படிதான் எல்லாம் செய்தாள். மூன்று மிளகாயும் ஒரு பிடி உப்பும் வேப்பிலையும் கைக்குள் பொத்தி, விமலேஸ்வரியின் மடியில் கிடந்த பிள்ளையின் தலையைச் சுற்றி, வலமாக மூன்று தரம் இடமாக மூன்று தரம் எடுத்து, நெருப்புக்குள் போட்டாள். உப்பு படபடவென்று வெடித்தது. மிளகாய் கறுத்துச் சுருண்டது. வழமையாக இந்த நேரம் குசினிக்குள் இருப்பவர்கள் தும்மிக்கொண்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டும் முற்றத்துக்கு ஓட வேண்டும். வாசலில் படுத்திருக்கும் நாய்கூட எழும்பிப் போய்விடும். இன்று நீலமாய் ஒரு புகை மெல்ல எழும்பி ஓட்டு இடுக்கால் வெளியே போனது. அதில் மிளகாயின் காரமே இல்லை. பால் பொங்கிக் கருகினது போல ஒரு இனிப்பு வாடைதான் வந்தது.

"மச்சாள், மிளகாய் பழசோ?" என்றாள் விமலேஸ்வரி.

"தம்பி போன சனிக்கிழமை முள்ளியவளையிலை வாங்கினது. மத்தியானம் சம்பலுக்கு இடிக்கேக்கை நீர்தானே தும்மினனீர்?" அன்னபாக்கியம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கமறாட்டி கண்பட்டு நாவூறு இருக்கெண்டு அர்த்தம். இது பொல்லாத நாவூறு."

பிள்ளைக்கு ஆறு மாதம். பதினொரு நாளாகத் தாயின் முலையில் வாய் வைக்கவில்லை. மச்சாள் பருக்கும் ஆட்டுப்பாலில்தான் உயிர் நின்றது. கொழுகொழுவென்று இருந்த கை கால்கள் சூம்பி, விலா எலும்பு எண்ணக்கூடியதாகத் தெரிந்தது. அப்போதிக்கரி ஐயா நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒரு வருத்தமும் இல்லைப் பிள்ளை" என்று சிவப்பு மருந்தொன்று கொடுத்தனுப்பினார். பரியாரியார் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு அதையே வேறு விதமாகச் சொன்னார். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தியும் வைத்தாயிற்று. கல்லெறிக்குத் தப்பினாலும் கண்ணெறிக்குத் தப்பேலாது என்று ஊரில் சும்மாவா சொல்கிறார்கள்?

"ஆற்றை கண் எண்டு அறிய வழியில்லையோ மச்சாள்?"

"இருக்கு. சந்தேகப்படுற ஆளின்ரை இடது காலடி மண்ணைக் கதையாமல் பறையாமல் எடுத்துவந்து மிளகாயோடை போட்டால், கண் வைச்ச ஆளின்ரை மண் எண்டால் கமறும். பிறகு அந்தக் கண் பிள்ளையிலை படாமல் வைச்சிருந்தால் பிள்ளை தேறும். படவிட்டால்..." அவள் பிள்ளையின் விலாவைத் தடவினாள்.

குளத்துக் குடியேற்றத் திட்டம் அப்போது புதிது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்கள், ஆளுக்கொரு வயல் காணியும் ஆளுக்கொரு ஓட்டு வீடுமாகக் காட்டின் ஓரத்தில் இருந்தன. எல்லாருக்கும் ஒரே அளவு காணி. ஆனபடியால் பொறாமைக்கும் குறைவில்லை. பொறாமைக்காரரைக் கண்டுபிடிப்பதில் விமலேஸ்வரி படு கெட்டிக்காரி. வாய் நிறையப் புகழ்கிறவள் ஒருத்தி. புகழாமல் பேச்சை மாற்றுகிறவள் இன்னொருத்தி. "உங்களுக்கென்ன" என்று தொடங்குகிறவளை நம்பவே கூடாது. பக்கத்துக் காணி இரஞ்சிதம் இந்த மூன்றையும் செய்வாள். அவளுக்கு மூன்றும் பெட்டை, நாலாவதும் பெட்டை. விமலேஸ்வரிக்கோ தலைச்சனே ஆண்.

இரஞ்சிதத்தின் காலடி மண்ணை வாய்க்கால் கரையில் எடுத்தாள். பொழுதுபட்டு மைமல் இருட்டில் மிளகாயோடு போட்டாள். நீலப் புகை. இனிப்பு வாடை.

தண்ணீர் முறைக்காகக் கணவனோடு சண்டை பிடித்த அப்புத்துரையின் மண்ணை எடுத்தாள். கமறவில்லை. மண் எடுக்கும்போது தன்னை யாரும் பார்த்துவிடுவார்களோ என்று பயந்து சுற்றும்முற்றும் பார்ப்பாள். ஆனால் எடுக்காமல் இருக்கவும் பயம். பிள்ளை ஒவ்வொரு நாளும் சுருங்கிக்கொண்டு வந்தது. அவள் தூக்கினால் முகத்தைத் திருப்பியது. கண்ணை இறுக்கி மூடியது. ஆறு மாதப் பிள்ளைக்குத் தாயின் முகத்தில் அப்படி என்ன தெரிகிறது என்று அவளுக்கு விளங்கவில்லை.

ஒரு மத்தியானம் கிணற்றடியிலிருந்து வந்தவள், வீட்டுக்குள் பிள்ளை சிரிக்கும் சத்தம் கேட்டுக் கிடுகுத் தட்டியோடு நின்றாள். இடுக்கால் பார்த்தாள். அன்னபாக்கியம் காலை நீட்டி, பிள்ளையைக் காலில் கிடத்தி, சங்கால் ஆட்டுப்பால் பருக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை மடக்கு மடக்கென்று குடித்தது. குடித்துவிட்டு அவளைப் பார்த்துப் பல்லில்லா முரசு தெரியச் சிரித்தது. பால் கடைவாயால் வழிய, கையைக் காலை அடித்து, அப்படி ஒரு சிரிப்பு. பிறந்ததிலிருந்து அந்தச் சிரிப்பு விமலேஸ்வரிக்குக் கிடைத்ததே இல்லை.

அவளுடைய விலாவுக்குக் கீழே ஏதோ சூடாகப் புரண்டது. பயம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பயம்தானே. வேறென்ன?

கல்யாணமாகி இரண்டு வருடத்தில் புருஷனைத் தின்ற மனுசி, பிள்ளைப் பாக்கியம் இல்லாதவள், பிள்ளைப்பெறு பார்க்க வந்து ஆறு மாதமாகத் திரும்பிப் போகாதவள். மடியில் இருந்த நெருப்பை விட்டுவிட்டு ஊரெல்லாம் புகை தேடியிருக்கிறேனே என்று விமலேஸ்வரி நினைத்தாள். அன்று மாலையே மச்சாளின் காலடி மண்ணை எடுத்தாள்.

கமறவில்லை.

அவள் நம்பவில்லை. மருந்து தெரிந்தவளுக்கு மாற்று மருந்தும் தெரியும் அல்லவா? கணவன் கதிர்காமநாதன் வயலால் வந்து கால் கழுவ முதலே தொடங்கினாள்.

"இஞ்சேருங்கோ, உங்கடை அக்காவை ஊருக்கு அனுப்புங்கோ. அவான்ரை கண்தான் பிள்ளையைத் தின்னுது."

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? அவா இல்லாட்டி பிள்ளை இண்டைக்கு..."

"அவா இருந்தால் நான் கிணத்துக்குள்ளை குதிப்பன்."

அடுத்த நாள் பின்னேரம் கதிர்காமநாதன், பஸ் ஏற்றிவிட என்று அக்காவின் துணி மூட்டையைச் சைக்கிளில் கட்டினான். அன்னபாக்கியம் அழவில்லை. பிள்ளையைக் கடைசியாகத் தூக்கவும் இல்லை. வேலிப் படலையடியில் மட்டும் நின்று திரும்பினாள்.

"விமலேஸ், எல்லாற்றை மண்ணும் எடுத்துப் பாத்தீர். ஒராளின்ரை மண் மட்டும் நீர் எடுக்கேல்லை."

"ஆற்றை?"

அவள் விமலேஸ்வரியின் கால்களைப் பார்த்தாள். பிறகு சைக்கிளுக்குப் பின்னால் நடந்து போனாள்.

வீடு வெறிச்சென்று போனது. காட்டுப் பக்கம் மயில் அகவியது. பிறகு அதுவும் ஓய்ந்தது. பிள்ளை சேலை ஏணைக்குள் கண்ணை மூடிக் கிடந்தது. விமலேஸ்வரி முற்றத்தில் தன் காலடியைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். காலையில் கூட்டின முற்றம். அவளுடைய இடது பாதம் ஐந்து விரலோடும் தெளிவாகப் பதிந்திருந்தது. இதென்ன பைத்தியம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே குனிந்தாள். சும்மா பார்ப்பதற்குத்தான். இல்லையென்று ஆக்குவதற்குத்தான்.

மிளகாய். உப்பு. மண்.

நெருப்பு ஒருமுறை உள்ளே இழுத்துக்கொண்டது. அடுத்த மூச்சில் குசினி கமறி வெடித்தது. இத்தனை நாள் வராத கமறலெல்லாம் ஒன்றாக வந்தது. தொண்டையில் ஊசி ஊசியாய் இறங்கியது. அவள் இருமினாள், ஓங்காளித்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். புகை அவளுக்கு முன்னால் ஓடியது. முற்றத்தில் கோழிகள் செட்டையடித்துக் கத்தின. நாய் ஊளையிட்டுக்கொண்டு வேலிக்கு வெளியே போனது.

பிள்ளை இருமவில்லை. புகைக்குள் கண்ணைத் திறந்து அவளையே பார்த்தது.

தாயின் கண் பேயின் கண்ணிலும் பொல்லாதது என்று ஊரில் சொல்வார்கள். நித்திரை கொள்ளும் பிள்ளையைத் தாய் உற்றுப் பார்க்கக்கூடாது என்று தடுப்பார்கள். அதெல்லாம் அன்பு மிகுந்த கண்ணுக்குச் சொன்ன கதை என்றுதான் அவள் எண்ணியிருந்தாள். இப்போது கிடுகு இடுக்கும், அந்தச் சிரிப்பும், விலாவுக்குக் கீழே புரண்டதும் ஞாபகம் வந்தன. அது பயமில்லை. அதன் பெயர் அவளுக்கு நன்றாகத் தெரியும். இரஞ்சிதத்தின் முகத்தில் எத்தனை தரம் கண்டிருக்கிறாள்! பெற்ற பிள்ளையின் சிரிப்புக்காக, அதுவும் அந்தப் பிள்ளைமேலேயே, அவளுக்கு எரிச்சல் வந்திருக்கிறது.

சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அவர் வரும்வரை இப்படியே இருப்பேன். பார்க்கமாட்டேன். பார்க்காவிட்டால் பிள்ளை பிழைக்கும். எவ்வளவு லேசான காரியம்!

புகை அடங்கியது. வீட்டுக்குள் இருட்டுப் பட்டது.

ஏணைக் கயிறு கூரை வளையில் உரசியது. கிறீச். கிறீச். பிள்ளையின் அசைவில்லை அது. யாரோ ஆறுதலாக ஆட்டும் ஆட்டம்.

படலை சாத்தியிருந்தது. வாசலில் கால்சத்தம் இல்லை. மச்சாள் இந்த நேரம் பஸ் ஏறிப் போயிருப்பாள்.

பிள்ளை சிரித்தது.

"பாக்கமாட்டன்" என்றாள் விமலேஸ்வரி. வெளியே கேட்கும்படி சொன்னாள். "நான் பாக்கமாட்டன்."

பிள்ளை இன்னும் சிரித்தது. கையைக் காலை அடித்து. மூச்சு முட்ட. அந்தச் சிரிப்பு. அதே சிரிப்பு.

ஆரோடு?

விலாவுக்குக் கீழே சூடு புரண்டது. வேண்டாம் என்று பல்லைக் கடித்தாள். நிலத்தை நகத்தால் பிடித்தாள். என்ரை பிள்ளை. ஆரோடை சிரிக்குது? நான் பெத்த பிள்ளை. ஆரோடை?

திரும்பினாள்.

ஏணையடியில் ஒருவரும் இல்லை. பிள்ளை வெறுமையைப் பார்த்து முரசு தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. பிறகு அவளைக் கண்டது. சிரிப்பு நின்றது. உதட்டோரம் கறுத்தது. கன்னம் உள்ளே போனது.

"ஐயோ!"

இரண்டு கையாலும் கண்களைப் பொத்தினாள். அமத்திப் பொத்தினாள். இருட்டவில்லை. உள்ளங்கைகளுக்கு ஊடாக ஏணை தெரிந்தது. ஏணைக்குள் பிள்ளை தெரிந்தது, பகல் வெளிச்சத்தில் போல. முகத்தைச் சுவரில் இடித்தாள். சுவருக்கு ஊடாகவும் தெரிந்தது. அவள் பார்க்கப் பார்க்க ஒரு விலா எலும்பு மேலே எழும்பியது. பிறகு அடுத்தது.